சாவி யார் கையில்? பதின்வயதினரின் வாகன ஓட்டமும் கூட்டாட்சிக் கேள்வியும்

(வித்துராவில், தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் சில தோழர்களின் முகத்தில் வியப்புத் தெரிந்தது. கூட்டாட்சி பற்றிப் பேசுவதென்றால் நிதிப்பகிர்வு, ஆளுநர் பதவி, கல்விக் கொள்கை என்று பேசுவதே நம் வழக்கம். எத்தனை வயதில் பிள்ளைகள் வண்டி ஓட்டலாம் என்பதைத் தில்லி தீர்மானிக்க வேண்டுமா, திருவனந்தபுரம் தீர்மானிக்க வேண்டுமா என்ற கேள்வி அவற்றோடு ஒப்பிடச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது நம் வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி. அதன் வழியாகக் கூட்டாட்சியின் பெரிய கேள்விகளையும் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியும் என்று கருதியே இதைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலை. வீட்டில் முதியவருக்கு மருந்து தீர்ந்துவிட்டது. பேருந்து இல்லை. பதினாறு வயது மகனிடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வளைவில் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இன்று உங்கள் முன் நின்று பேசும் மனநிலை எனக்கு இருந்திருக்காது. ஆகவே இந்த உரையைப் பிறருக்குச் சொல்லும் உபதேசமாகக் கொள்ள வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், பொதுப் பட்டியலின் 35ஆவது இனமாக இயந்திர விசையால் இயங்கும் வாகனங்கள் இடம்பெற்றுள்ளன. அதாவது நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலச் சட்டமன்றமும் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் 254ஆவது பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிலைக்கும் என்ற ஒரு சிறு வாசலும் உண்டு. ஆனால் அந்த வாசலின் திறவுகோல் தில்லியில் இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகைகளில் மாதக்கணக்கில் உறங்கியதைக் கேரளமும் தமிழ்நாடும் அனுபவித்து அறிந்தவை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்தான் இன்று நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்கிறது. 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்தைப் பதினாறு வயதிலிருந்து ஓட்டலாம். அதற்கான பழகுநர் உரிமத்திற்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். போக்குவரத்து வாகனங்களுக்கு வயது வரம்பு இருபது. உரிமம் வழங்குவதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் 27ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசுக்கு உரியது. எஞ்சியவற்றில் மட்டுமே மாநிலங்கள் விதி செய்யலாம் என்கிறது 28ஆவது பிரிவு.

பதினாறு வயதினருக்கான அந்த விலக்கை நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 சிசி மொபெட்டுகள் சாலையில் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. இன்று கடைக்குப் போய்க் கேட்டால் அப்படியொரு பெட்ரோல் வண்டி கிடைப்பதில்லை. சாதாரண ஸ்கூட்டரே 110 சிசி, 125 சிசி என்றாகிவிட்டது. ஆக, சட்டம் கொடுத்த சலுகை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. மறுபக்கம், 250 வாட்டுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத மின்வண்டிகள் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. அவற்றிற்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம், வயது வரம்பும் இல்லை. ஒருபுறம் பயன்படாத விலக்கு, மறுபுறம் வாயில் இல்லாத வேலி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தில்லி இதைச் செம்மைப்படுத்தவில்லை. ஆனால் தண்டனையை மட்டும் செம்மையாகக் கூட்டியது.

2019இல் வந்த மாற்றம்

2019 திருத்தச் சட்டத்தின் வழியாக 199ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறார் ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் காப்பாளர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கொள்ளப்படுவார். அவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்து. அந்தச் சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெற்றோர் மீதே விழுகிறது. இதற்குமுன், தகுதியற்றவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

இந்தத் திருத்தத்தின் முந்தைய வடிவங்களை எதிர்த்து 2015 ஏப்ரல் 30 அன்றும் 2018 ஆகஸ்ட் 7 அன்றும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது, பொதுப் போக்குவரத்து பெருமுதலாளிகளுக்குத் திறந்துவிடப்படுகிறது என்பன அன்று எழுந்த முக்கிய எதிர்ப்புகள். பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டம், சாலை வடிவமைப்பையும் பேருந்து வசதியையும் விட அபராதத்தையே அதிகம் நம்பியது.

மாநிலங்கள் என்ன செய்தன? கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு ஓணக் காலத்தில் கடும் அபராத வசூலை நிறுத்திவைத்தது. பின்னர் தன் வரம்பிற்குட்பட்ட சில இனங்களில் இணக்கத் தொகையைக் குறைத்தது. பா.ஜ.க. ஆண்ட குஜராத்தும் குறைத்தது என்பதை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை நடைமுறைப்படுத்தியது. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு, சட்டம் விதித்த அளவுக்குக் கீழே மாநிலங்கள் அபராதத்தைக் குறைக்க முடியாது என்று அறிவுறுத்தியது. ஆனால் அதே திருத்தத்தின் 210ஏ பிரிவு, மாநிலங்கள் அபராதத்தைப் பத்து மடங்கு வரை கூட்டிக்கொள்ளலாம் என்கிறது. கூட்டுவதற்கு உரிமை உண்டு, குறைப்பதற்கு இல்லை என்பதே தில்லி விளங்கிக்கொண்ட கூட்டாட்சி.

சிறார் ஓட்டம் தொடர்பான 199ஏ பிரிவிலோ அந்த இணக்கத் தொகை வழியும் இல்லை. நேராக நீதிமன்றம்தான். தோட்டத் தொழிலாளியின் நாள்கூலியை ஐந்நூறு ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 25 ஆயிரம் ரூபாய் என்பது ஐம்பது நாள் உழைப்பு. ஏறத்தாழ இரண்டு மாதம் கொழுந்து பறித்த கூலி. நிர்வாகம் கைவிட்டுச் சென்ற போனக்காடு போன்ற தோட்டத்தில், கூலியே ஒழுங்காக வராத லயத்தில் வாழும் தாய்க்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று கணக்கிடவே முடியாது.

இதற்கு நேர் எதிரே ஒரு நிகழ்வு. 2024 மே 19 அதிகாலையில் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சிறுவன் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் மகன். சாலை விபத்து குறித்து முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு அன்றைய தினமே அவனுக்குப் பிணை கிடைத்தது. நாடே கொதித்தெழுந்த பின்னரே அந்த முடிவு திருத்தப்பட்டது. இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும், பிற குற்றச்சாட்டுகளில் தந்தையும் கைதானார்கள். ஒரே வயது, ஒரே சட்டம். ஆனால் போர்ஷேயின் சாவியும் தவணையில் வாங்கிய ஸ்கூட்டரின் சாவியும் சட்டத்தின் முன் ஒரே எடையில் நிற்பதில்லை. 25 ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டுக்கு ஒருவேளை விருந்துச் செலவு; இன்னொரு வீட்டுக்குக் கடன் வலை.

மாநிலமே தீர்மானிக்கட்டும் என்ற வாதம்

இதையெல்லாம் கேட்ட பிறகு, அதிகாரம் முழுவதையும் மாநிலத்திற்கே கொடுத்துவிட வேண்டும் என்று தோழர்கள் கருதுவது இயல்பு. அந்த வாதம் வலுவானதுதான். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் நீங்கலான சாலைகள் மாநிலத்திற்கும் உள்ளாட்சிகளுக்கும் உரியவை. விபத்தில் சிக்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வித்துரா மருத்துவமனைக்கு; அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ள திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு. விளைவு முழுவதையும் சுமப்பது மாநிலம். விதியை எழுதுவது தில்லி.

இடமும் முக்கியம். கல்லாறிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழையும் மூடுபனியும் சுற்றுலா வண்டிகளின் நெரிசலும் சேர்ந்த பாதை அது. ராஜஸ்தானின் நேர்ச்சாலைக்கும் இதற்கும் ஒரே பயிற்சி போதுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேரளம் இத்துறையில் சில முயற்சிகளைச் செய்து பார்த்தது. ஒவ்வொன்றும் எங்கே போய் முட்டியது என்று பாருங்கள். 2022இல், மேல்நிலைப் பள்ளிப் பாடத்தோடு சாலைப் பாதுகாப்பைச் சேர்த்து, அதில் தேறும் மாணவருக்குப் பதினெட்டு வயதில் பழகுநர் உரிமம் எளிதாகக் கிடைக்கும்படி செய்யும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கு ஒன்றிய விதிகளில் மாற்றம் தேவைப்பட்டது. 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களின் வழியே அபராதம் விதிக்கும் முறை தொடங்கியபோது, தாய் தந்தையோடு இருசக்கர வண்டியில் செல்லும் சிறு குழந்தைக்கு விலக்கு வேண்டும் என்று மாநிலம் கேட்டது. தோழர் எளமரம் கரீம் மாநிலங்களவை உறுப்பினர் என்ற முறையில் எழுதிய கடிதத்திற்கு, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி பதில் அனுப்பினார். 2024இல் ஓட்டுநர் தேர்வைக் கடுமையாக்கி மாநிலப் போக்குவரத்துத் துறை சுற்றறிக்கை வெளியிட்டது. அவை மத்தியச் சட்டத்திற்கும் விதிகளுக்கும் ஒவ்வாதவை என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த மூன்றிலும் நாம் தற்புகழ்ச்சியில் இறங்கிவிடக்கூடாது. குழந்தைக்கான விலக்குக் கோரிக்கையில், பாதுகாப்பு என்ற அளவில் தில்லி சொன்ன பதில் அடிப்படையற்றதல்ல. ஒரு வண்டியில் மூவர் போவது ஆபத்துதான். கார் வாங்க முடியாத குடும்பம் வேறு எப்படிப் போகும் என்ற கேள்விக்கு விலக்கு விடையாகாது, பேருந்துதான் விடை. ஓட்டுநர் தேர்வு மாற்றத்திலோ, நம் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளித் தொழிலாளர்களே போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. நல்ல நோக்கமானாலும் அதைச் செயல்படுத்தும் உழைப்பாளிகளோடு முன்கூட்டியே பேசாமல் மேலிருந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். தில்லி நமக்குச் செய்வதை நாம் நம் தொழிலாளர்களுக்குச் செய்யலாகாது.

தனித்தனியே விட்டால் என்ன ஆகும்?

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, எந்த மாநிலத்தில் பெற்ற ஓட்டுநர் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும். களியக்காவிளையில் கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது கடைப்பலகையைப் படித்தால்தான் தெரியும். ஆரியங்காவைத் தாண்டினால் செங்கோட்டை. ஒரு மாநிலம் பதினாறு வயதில் முழு உரிமம் தருகிறது, பக்கத்து மாநிலம் பதினெட்டில் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைக் கடந்த நொடியில் அந்தப் பிள்ளை குற்றவாளியாகிவிடுமா? அல்லது மிகத் தளர்வான மாநிலத்தின் விதியே நாடு முழுவதற்கும் விதியாகிவிடுமா?

இரண்டாவதே நடக்கும் என்பதற்கு நம் கண்முன் சான்றுகள் உள்ளன. கேரளத்தின் வாகன வரியைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து இங்கே ஓட்டிய சொகுசுக் கார்களின் விவகாரம் 2017இல் வெளிவந்தது நினைவிருக்கும். நாகாலாந்தில் பதிவு செய்து, அந்த மாநிலத்தைக் கண்ணாலும் காணாமல் தெற்கே ஓடும் ஆம்னி பேருந்துகள் வேறொரு சான்று. எங்கே விதி இளகியிருக்கிறதோ அங்கே மூலதனம் ஓடும். வயது வரம்பும் மாநிலத்திற்கு மாநிலம் மாறுமானால், முதலீட்டைக் கவரும் போட்டியில் வண்டி உற்பத்தியாளர்களின் அழுத்தத்திற்கு ஏதேனும் ஒரு மாநிலம் முதலில் பணியும். பதினாறு வயதினர் அவர்களுக்குப் புதிய சந்தை. பிறகு மற்ற மாநிலங்கள் மீதும் அழுத்தம் வரும்.

இந்த நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இவ்வளவு உயிர்கள் போகும் நாட்டில், பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கீழ்வரம்பு ஒன்று நாடு முழுவதும் பொதுவாக இருப்பது தேவையே. குழந்தை உழைப்புக்கான வயது வரம்பை மாநிலத்திற்கு மாநிலம் மாற்றிக்கொள்ள நாம் ஒப்புவோமா? ஒப்ப மாட்டோம். இதுவும் அதுபோன்றதே.

உலகம் காட்டும் வழிகள்

அமெரிக்காவில் வாகன ஓட்ட வயதை மாநிலங்களே தீர்மானிக்கின்றன. தெற்கு டகோட்டாவில் பதினான்கு வயதிலேயே பழகுநர் அனுமதி கிடைக்கிறது. நியூ ஜெர்சியில் பதினேழு வயதாகாமல் தனியே ஓட்ட முடியாது. மது அருந்தும் வயதோ வேறுவிதமாகத் தீர்ந்தது. 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றம், இருபத்தொரு வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றியது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடர்ந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கமே நின்றது. எல்லா மாநிலங்களும் பணிந்தன. இதன் எதிர்நிகழ்வும் உண்டு. தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு நிதியை நிறுத்தும் அதிகாரம் 1976இல் நீக்கப்பட்டதும் பல மாநிலங்கள் அச்சட்டத்தைத் தளர்த்தின. மோட்டார் சைக்கிள் மரணங்கள் கூடின. விட்டுக்கொடுத்தால் உயிர் போகிறது. நிதியைக் காட்டி மிரட்டினால் உயிர் மிஞ்சுகிறது, உரிமை போகிறது. அமெரிக்கப் பாதையில் நமக்கு இந்த இரண்டுமே எச்சரிக்கை. கல்வி நிதியை நிறுத்திவைத்துக் கொள்கையைத் திணிக்கும் வித்தையைக் கேரளமும் தமிழ்நாடும் ஏற்கெனவே பார்த்துவிட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஆணை வேறொரு வழியைக் காட்டுகிறது. காருக்குப் பொது வயது பதினெட்டு. உறுப்பு நாடு விரும்பினால் பதினேழாகக் குறைக்கலாம். ஆனால் அப்படித் தரப்பட்ட உரிமம், அதைப் பெற்றவர் பொது வயதை எட்டும்வரை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். அடித்தளம் பொது, அதன்மேல் இடத்திற்கேற்ற மாற்றம், மாற்றத்தின் விளைவு பிறர் மீது விழாத ஏற்பாடு. நாடுகள் கூடிப் பேசி உருவாக்கிய விதி என்பதும் கவனிக்கத்தக்கது.

நியூசிலாந்து 1987இலேயே படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. முதலில் மூத்தவர் துணையோடு ஓட்டலாம். பிறகு தனியே ஓட்டலாம், ஆனால் இரவிலும் நண்பர்களை ஏற்றிக்கொண்டும் கூடாது. அதன் பிறகே முழு உரிமம். எத்தனை வயது என்ற ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்பதை அது உணர்த்துகிறது. நம் சட்டத்தில் பிறந்தநாளுக்கு முதல்நாள் குற்றவாளி. சில வாரங்கள் கழித்து, எட்டுப் போட்டுக் காட்டியவுடன், நள்ளிரவில் மூடுபனியில் பொன்முடி ஏறவும் முழுத் தகுதி பெற்றவர். இடைப்பட்ட படிகள் இல்லை.

நமது நிலைப்பாடு

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம் என்று கருதுகிறேன். தோழர்கள் விவாதிக்க வேண்டும்.

முதலாவதாக, குறைந்தபட்ச வயது நாடு முழுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எந்த மாநிலமும் அதைக் குறைக்க முடியாது. பயனற்றுப் போன 50 சிசி விலக்கையும், வரையறைக்கு வெளியே நிற்கும் மின்வண்டிகளையும் சேர்த்து, வண்டியின் விசை, வேகம் ஆகியவற்றின் அடிப்படையில் தெளிவாக வகைப்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, அந்த அடித்தளத்தின் மேல் கட்டும் உரிமை மாநிலங்களுக்கு வேண்டும். புதிய ஓட்டுநருக்குப் படிப்படியான நிபந்தனைகள், மலைச்சாலைக்கான தனிப் பயிற்சி, பள்ளிக் கல்வியோடு இணைந்த பயிற்சி ஆகியவற்றுக்குத் தில்லியின் கதவைத் தட்ட வேண்டிய நிலை மாற வேண்டும். 27ஆவது பிரிவு அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பொது அடித்தளம் என்பது தில்லி தன்னந்தனியாக எழுதும் அடித்தளம் அல்ல. மாநிலங்களுக்கிடையிலான கவுன்சில் சாசனத்தின் 263ஆவது பிரிவில் சொல்லப்பட்ட அமைப்பு. 1990இல் உருவாக்கப்பட்ட அது 2016 ஜூலையில் கூடியதோடு நின்றது. பொதுப் பட்டியல் இனங்களில் மாநிலங்களைக் கலந்தே சட்டம் செய்ய வேண்டும் என்று சர்க்காரியா ஆணையம் சொன்னது. மேற்கு வங்க இடது முன்னணி அரசு 1977 டிசம்பரிலேயே மத்திய-மாநில உறவுகள் குறித்த ஆவணத்தை முன்வைத்தது. நாம் மாநில உரிமை பேசுவது ஒன்றுபட்ட நாட்டைப் பலவீனப்படுத்துவதற்கு அல்ல. ஒற்றுமை ஒப்புதலின் மீது நிற்க வேண்டும் என்பதற்காக.

நான்காவதாக, தண்டனையின் வர்க்கத் தன்மையை மாற்ற வேண்டும். பின்லாந்தில் வேகவரம்பை மீறியவரின் வருமானத்தை ஒட்டி அபராதம் கணக்கிடப்படுகிறது. அங்கே செல்வந்தருக்கு அபராதம் வலிக்கிறது. இங்கே ஏழைக்கு மட்டும் வலிக்கிறது. இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை என்ற விதியையும் கேள்விக்குட்படுத்த வேண்டும். ஆட்டோ ஓட்டியோ பொருள் விநியோகித்தோ பிழைக்க வேண்டிய இளைஞனுக்கு அது வேலை பறிப்பு. தந்தையின் அலுவலகத்தில் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவனுக்கு அது ஒன்றுமேயில்லை.

ஐந்தாவதாக, எல்லாவற்றிற்கும் அடிப்படை பொதுப் போக்குவரத்து. தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்காக மட்டும் வண்டியை எடுப்பதில்லை. கடைசிப் பேருந்து போய்விடுவதால் எடுக்கிறார்கள். வகுப்பு முடிந்து லயத்திற்கும் காணி மக்களின் குடியிருப்புக்கும் திரும்ப வழியில்லாததால் எடுக்கிறார்கள். பேருந்தைக் குறைத்துவிட்டுப் பிள்ளையைத் தண்டிக்கும் சட்டம் அரைச் சட்டம். இது ஒன்றிய அரசுக்கு மட்டுமல்ல, நம் மாநில அரசுக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல்.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க முடியாது தோழர்களே. இந்தப் பகுதியில் உடனே எடுக்க வேண்டிய வேலைகள் உள்ளன. போனக்காடு, மெர்ச்சிஸ்டன், பிரைமூர் பாதைகளில் பள்ளி, கல்லூரி நேரங்களுக்கும் மாலைக்கும் எத்தனை பேருந்துகள் தேவை என்பதை நம் கிளைகள் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கோடு வித்துரா பணிமனைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு கொடுக்க வேண்டும். பதினெட்டு நிறைந்த தோட்டத்து இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், உரிமம் பெறுவதற்கான முகாம்களை வாலிபர் சங்கம் நடத்த வேண்டும். விண்ணப்பம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தயங்கி நிற்கும் நம் மக்களுக்குத் தமிழில் வழிகாட்ட ஆள் வேண்டும். ஏற்கெனவே 199ஏ வழக்கில் சிக்கியுள்ள குடும்பங்களுக்குத் தொழிற்சங்கம் வழக்கறிஞர் உதவியை ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கட்சி உறுப்பினரின் வீட்டிலிருந்து பதினெட்டு நிறையாத பிள்ளையின் கையில் சாவி போகக்கூடாது. சட்டம் அநீதியான அளவில் தண்டிக்கிறது என்று எதிர்ப்பது வேறு. சட்டம் காக்க விரும்பும் உயிரை நாமே பணயம் வைப்பது வேறு. முன்னதைச் செய்யும் தகுதி நமக்குப் பின்னதைச் செய்யாதபோதுதான் வரும். வயதைத் தில்லி எழுதினாலும் திருவனந்தபுரம் எழுதினாலும், அந்த மழைநாளில் சாவியை எடுத்துக் கொடுத்தது என் கை. அன்று மாலை எங்கள் ஊருக்கு ஒரு பேருந்து இருந்திருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

விவாதத்தில் தோழர்கள் தயங்காமல் பங்கேற்க வேண்டுகிறேன். மாறுபட்ட கருத்துகளையும் வரவேற்கிறேன்.